மோட்டாருக்கு ஏது குலம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை வாயிலிலே காலை வேளையில் நின்று பாருங்கள், தோழர்களே! பட்டத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு, வேலை காலி உண்டா என்று காவலாளியைக் கேட்டு நிற்கிறான் ஒரு தம்பி. அவனைக் கடந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு லேத் பட்டறைக்குள் நுழைகிறான் இன்னொரு தம்பி. முன்னவன் படித்தவனாம், பின்னவன் வெறும் கைவேலைக்காரனாம்! மூளை ஒரு சாதிக்கு, கை இன்னொரு சாதிக்கு என்று பங்கு போட்ட பழைய பாதகத்தின் மிச்சமல்லவா இந்தப் பேச்சு! அந்தப் பேச்சைத் தம் வாழ்வாலே பொய்யாக்கிக் காட்டினார் ஒருவர். அவர்தான் கோவை தந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு.

1893ஆம் ஆண்டு, கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரிலே, உழவர் குடும்பத்திலே பிறந்தார். தாயை இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஏடு கசந்தது, ஆனால் அறிவு கசக்கவில்லை! வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். கண்ட நாள் முதல் அதே நினைவு. கோவை உணவு விடுதியிலே பரிமாறும் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், வண்டியை வாங்கினார். வாங்கி, சவாரியா போனார்? இல்லை! ஒவ்வொரு திருகாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் படித்த கல்லூரி.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே! அந்த ஒன்று பெருகி, யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. பஸ் ஓடினால் பழுதாகும். பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறைக்கு ஆள் வேண்டும். ஆளுக்குப் பயிற்சி வேண்டும். ஒரு பஸ் எத்தனை வீட்டு அடுப்பை எரிய வைத்தது, எண்ணிப் பாருங்கள்! 1937இல் பாலசுந்தரம் என்னும் தொழில் வல்லுநருடன் சேர்ந்து மின்மோட்டார் செய்தார். இன்று மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் கோவையிலே தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அந்தத் தோப்புக்கு விதையிட்டவர்களுள் அவரும் ஒருவர்.

தாம் கற்றது தம்மோடு போகக்கூடாது என்று எண்ணினார். 1945இல், அவர் தந்த கொடையிலே, ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையிலே பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. பள்ளிக்கூடத்துக்குள் அடங்காத பிள்ளை, கல்லூரிக்கே முதல்வரானார்! பட்டறையிலே பழக்கினால் நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டிலே முடிக்கலாம் என்று வாதாடினார். ஆட்சியாளர் இசையவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியேறினார். ஆண்டுக் கணக்கிலே நாம் அவரோடு மாறுபடலாம். ஆனால், எந்திரத்தைத் தொடாமலே எந்திரப் படிப்பா என்ற அவர் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை, தோழர்களே! தொழிலைப் பற்றி 1953இல் ராஜாஜியின் கல்வித் திட்டமும் பேசிற்று. பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழில்! குலக்கல்வி என்று பெயர் சொல்லி, அதன் முகமூடியைக் கிழித்தது திராவிட இயக்கம். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் மடிந்தது. நாம் எதிர்த்தது தொழிலை அல்ல. பிறப்பைப் பார்த்துத் தொழிலைப் பங்கிட்டதை! நாயுடுவின் குடும்பத்துக்குத் தெரிந்தது கலப்பை. அதுவே போதுமென்று அவரைக் கட்டிப் போட்டிருந்தால், கோவைக்கு மோட்டார் ஏது? மோட்டாருக்குத்தான் ஏது குலம்? லேத்துக்கு ஏது கோத்திரம்?

1949இல் அம்பத்தூரிலே சைக்கிள் ஆலை தோன்றிற்று. 1965இல் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி புறப்பட்டது. அவற்றைச் செய்தவை எந்தக் குலத்துக் கைகள்? கற்ற கைகள்!

அந்தக் கைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடன் இன்னும் மிச்சமிருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு 71 அரசினர் ஐ.டி.ஐ.களைப் புதிய எந்திரங்களோடு புதுப்பிக்க முற்பட்டது. நல்ல தொடக்கம்! ஆனால் பயிற்சி பெற்றவனுக்கு வேலை? ஆலைகள் பயிற்சி தரவேண்டும் என்கிறது 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம். பயிற்சி முடித்தவனுக்கு வேலை தந்தே தீரவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஓராண்டு உழைப்பை வாங்கிக்கொண்டு, ஒரு சான்றிதழைக் கொடுத்து வாயிலைக் காட்டினால், அது கல்வியா? மலிவுக் கூலியா?

1974இல் மறைந்தார் நாயுடு. 2025இல் கோவை அவிநாசிச் சாலையின் நீண்ட மேம்பாலம் அவர் பெயரைப் பெற்றது. மகிழ்கிறோம். ஆனால் அம்பத்தூர் வாயிலிலே நிற்கும் இரு தம்பிகளுக்கும் நடுவே இன்னொரு பாலம் கட்டப்படவில்லையே! படித்தவன் எந்திரத்தைத் தொடவேண்டும். எந்திரத்தைத் தொட்டவன் மேலும் படிக்க வழி வேண்டும். இருவருக்கும் நிலையான வேலை வேண்டும். அந்தப் பாலத்தைக் கட்டுவோம், தோழர்களே. அதுவே அவருக்கு நாம் எடுக்கும் விழா!