அநீதியைத் தட்டிக்கேட்ட 'ரஜனி': சின்னத்திரை நாயகி பிரியா தெண்டுல்கரின் வாழ்க்கைப் பயணம்

மும்பை: இந்தியத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் வீடுதோறும் அறிமுகமான முகங்களில் ஒன்று பிரியா தெண்டுல்கருடையது. ஆனால் அவரைப் பெரும்பாலானோர் அழைத்தது, அவர் ஏற்ற கதாபாத்திரத்தின் பெயரால்தான்.

புகழ்பெற்ற மராத்தி நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கரின் மகளாக 1954 அக்டோபர் 19 அன்று பிறந்தவர் பிரியா. தந்தையின் பெயர் நாடக உலகின் கதவுகளை எளிதில் திறந்திருக்கும். எனினும் நட்சத்திர விடுதியில் வரவேற்பாளர், விமானப் பணிப்பெண், விளம்பர மாடல் எனப் பல வேலைகளை அவர் பார்த்தார். ஷியாம் பெனகலின் முதல் திரைப்படமான 'அங்குர்' (1974) படத்தில் அனந்த் நாக்கின் மனைவியாக நடித்தார். தொடர்ந்து மராத்திப் படங்களிலும், சங்கர் நாக் இயக்கிய 'மிஞ்சின ஓட்டா' என்ற கன்னடப் படத்திலும் தோன்றினார்.

1985-ஆம் ஆண்டு அவரது வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. பாசு சாட்டர்ஜி இயக்கத்தில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'ரஜனி' தொடரில் அவர் நடுத்தரக் குடும்பத்து இல்லத்தரசியாக நடித்தார். சமையல் எரிவாயு சிலிண்டர் விநியோகத்தில் நடக்கும் முறைகேடு, பயணிகளை அலைக்கழிக்கும் டாக்சி ஓட்டுநர், அலட்சியம் காட்டும் அலுவலகம் என அன்றாட வாழ்வின் சிறு சிறு அநீதிகளே அத்தொடரின் கதைக்களம். வில்லனும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. புடவை கட்டிய ஒரு பெண் நேரே சென்று கேள்வி கேட்பாள், அவ்வளவுதான். அந்தக் கேள்விகளின் வீச்சு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. தங்களைத் தவறாகச் சித்திரித்துவிட்டதாகக் கூறி, மும்பை டாக்சி ஓட்டுநர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1986-இல்தான் என்பதை நினைத்தால், ரஜனி சற்று முன்னதாகவே பேசத் தொடங்கிவிட்டாள் எனலாம்.

அத்தொடரில் கணவராக நடித்த கரண் ராஸ்தானைப் பிரியா 1988-இல் மணந்தார். பின்னர் 1995-இல் இருவரும் பிரிந்தனர்.

ரஜனியின் நிழல் அவரை இறுதிவரை விடவில்லை. தனியார் தொலைக்காட்சி பரவிய காலத்தில் அவர் பெயரிலேயே ஒரு விவாத நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அங்கும் கேள்வி கேட்பவராகவே அவர் அமர்ந்தார். நகைச்சுவையும் அவருக்குக் கைவந்தது. 'ஹம் பாஞ்ச்' தொடரில் மறைந்துபோன முதல் மனைவியாக, சுவரில் மாட்டிய புகைப்படச் சட்டத்திற்குள் இருந்தபடியே கணவரைக் கண்டித்த வேடம் இன்றும் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். திரைப்படத் துறையோ அவரை வேறு விதமாகவே பயன்படுத்தியது. 'திரிமூர்த்தி' (1995) படத்தில் தம்மைவிட இரண்டு, மூன்று வயதே இளையவர்களான ஜாக்கி ஷெராஃப், அனில் கபூர் ஆகியோருக்கு அவர் தாயாக நடிக்க நேர்ந்தது. நாற்பதைத் தொட்ட நடிகையருக்கு அன்றைய இந்தித் திரையுலகம் ஒதுக்கிய இடம் அதுதான்.

நடிப்புக்கு அப்பால் மராத்தியில் சிறுகதைகள் எழுதி நூல்களாகவும் வெளியிட்டார். எழுத்தாளர் என்ற இந்த முகம், மகாராஷ்டிரத்திற்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

மார்பகப் புற்றுநோயுடன் போராடி வந்த பிரியா தெண்டுல்கர், 2002 செப்டம்பர் 19 அன்று மும்பையில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 47. மகளை இழந்த தந்தை விஜய் தெண்டுல்கர், அதன்பின் ஆறு ஆண்டுகள் கழித்து 2008-இல் மறைந்தார்.