பொகவந்தலாவைக் கல்லறையும் பெயரில்லாத முகங்களும்

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தவர்கள் நாம். அந்தக் கமரனும் அவருடைய மனைவியும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் புதைக்கப்பட்டிருப்பது எனக்கு அங்கே போனபோதுதான் தெரிந்தது. மனைவியின் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். உலகம் போற்றும் ஒளிப்படக் கலைஞர்.

1815இல் கல்கத்தாவில் பிறந்து, 1838இல் அங்கேயே திருமணம் செய்தவர். கமராவைத் தொட்டது 48ஆவது வயதில். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தபோது, 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அதைப் பரிசளித்தார்கள்.

அது ஒன்றுக்குள் ஒன்று நகரும் மரப்பெட்டி. முன்னால் பிரெஞ்சு வில்லை, பின்னால் கண்ணாடித் தகடு. பெட்டியை முன்பின் நகர்த்தி உருவத்தைத் தெளிவாக்க வேண்டும். தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றிப் பரப்பி, இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரே இருப்பவர் சில நிமிடங்கள் அசையக்கூடாது. அசைந்தால் முகம் மங்கும். அந்த மங்கலைப் பலர் பிழை என்றார்கள். அவரோ அதையே தன் பாணியாக்கிக்கொண்டார். கோழிக்கூடு ஸ்டூடியோவானது, நிலக்கரி அறை இருட்டறையானது. டார்வினும் கவிஞர் டெனிசனும் அந்தக் கமராவின் முன் அமர்ந்தார்கள்.

கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இராஜகாரியக் கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குழுவில் இருந்தவர் அவர். ஆனால் கோப்பித் தோட்டங்களுக்காகத்தான் நம் மூதாதையர் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்டார்கள். இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த 1875இல் தம்பதியர் இங்கே குடிவந்தார்கள். 1879 ஜனவரி 26இல், டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கெயார்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் போனார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை சொற்பம். தோட்டத்தில் உழைத்தவர்களும் கிராமத்து மக்களும் அவற்றில் இருக்கிறார்கள். வைட் தீவில் அவருடைய வீட்டு வேலைக்காரியான மேரி ஹில்லியரின் பெயரை இன்று நூதனசாலைகள் அறியும். இங்கே எடுத்த ஒரு படத்தின் தலைப்போ களுத்துறை விவசாயிகள் என்பதோடு முடிந்துவிடுகிறது.

கல்லறைப் பக்கம் நின்றபோது என் அப்பாயிதான் நினைவுக்கு வந்தார். 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. கொழுந்துக்கூடையோடு அவர் நிற்கும் ஒரே படம், 2009இல் விட்டுவந்த டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. பெயர் மட்டும் எங்களிடம் இருக்கிறது, முகம் இல்லை.

உங்களிடம் பழைய படம் ஏதும் மிஞ்சியிருந்தால், அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள்.