மலிவும் மேன்மையும்: ஜி.டி. நாயுடு

நுழையும்முன்
விலையைக் குறைத்தால் தரம் குறையுமோ? தரத்தைக் கூட்டினால் எளியோர்க்கு எட்டாது போகுமோ? வீட்டுக் கருவிகளை உருவாக்கும் எவரும் விடைகாண வேண்டிய வினாக்கள் இவை. இவ்வினாக்களோடு வாழ்ந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை அறிவோம்.

பிரித்துக் கற்றவர்
கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிப்படிப்பில் நாட்டமில்லாத இவரை ஊருக்குள் வந்த மோட்டார் சைக்கிள் ஈர்த்தது. கோவையில் உணவகப் பணியாளராக உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வண்டியை வாங்கினார். அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, இயங்கும் முறையைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு இவர் தொடங்கிய தொழில் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

எளியோரை எண்ணிய வடிவமைப்பு
பல சிற்றூர்கள் மின்வசதி பெறாதிருந்த காலம் அது. ஆகவே, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறியை நாயுடு உருவாக்கினார். இவருடைய சவரக்கருவியோ உலர்மின்கலத்தால் சுழலும் சிறு மோட்டாரைக் கொண்டிருந்தது.

வானொலிப் பெட்டியில் வால்வுகள் மிகுந்தால் தொலைவிலுள்ள நிலையங்களும் தெளிவாகக் கேட்கும். ஆனால், விலையும் ஏறும். வால்வுகளைக் குறைத்து மலிவாக்குவது எளிய வழி. நாயுடு அவ்வழியை நாடவில்லை. ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் சிறு மகிழுந்தை 2,000 ரூபாய் விலைக்கு வடிவமைத்தார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று.

விவாதத்திற்குரிய முடிவு
அரசின் வரிவிதிப்பு புதுமுயற்சிகளை முடக்குகிறது எனக் கருதிய நாயுடு, தாம் ஆக்கிய கருவிகளைப் பொதுமேடையில் உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். உழைத்தவரின் உரிமைக்குரல் அது எனக் கொள்ளலாம். எனினும், அவர் யாருக்காக அக்கருவிகளைப் படைத்தாரோ, அவ்வெளியோரின் இழப்பையும் எண்ணாதிருக்க இயலாது. ஒரு கருவி மக்களைச் சென்றடைய வடிவமைப்பாளரின் திறன் மட்டும் போதாது. வரி, உரிமம், சந்தை ஆகியனவும் துணைநிற்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். மலிவு என்பது தரக்குறைவன்று என்னும் அவருடைய கொள்கை இன்றைய வடிவமைப்பாளர்க்கும் பொருந்துவதாகும்.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் மின்கருவிகளைப் பழுதுநீக்குபவர் ஒருவரைச் சந்தித்து, எளிதில் பழுதுநீக்க இயலாத கருவிகள் எவை, ஏன் எனக் கேட்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.