மின்னலைப் பிடித்தவர் சொன்ன நீச்சல் பாடம்

ஆற்றின் நடுவே ஒருவர் நீந்திக்கொண்டிருக்கிறார். திடீரென்று கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறது. சதை கல்லாக இறுகுகிறது. உயிர் போகிற வலி! காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை எழுதி வைத்தார். அவர் நீச்சல் வாத்தியார் அல்ல. மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று உலகுக்குக் காட்டிய அமெரிக்க மேதை பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அவர்.

சோப்புக் காய்ச்சும் வீடு

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசையா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்குப் பிள்ளைகள் 17 பேர். பெஞ்சமின் 15-வது பிள்ளை.

தண்ணீர் அந்தக் குடும்பத்தைச் சும்மா விடவில்லை. 1703-ல், பெஞ்சமின் பிறப்பதற்கு முன்பே, ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தை ஒன்று சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோயிற்று. வீட்டை விட்டுக் கப்பலேறிப் போன மூத்த மகன் ஒருவரையும் முடிவில் கடல் கொண்டது.

சிறுவன் பெஞ்சமினுக்கோ கடல் என்றால் உயிர்! இவனும் ஓடிவிடுவானோ என்று தந்தை பயந்தார். 12 வயதில் அவனை அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஆனால் அதற்குள் பையன் நன்றாக நீந்தக் கற்றுக்கொண்டிருந்தான்.

வெறுமனே நீந்தினால் போதுமா? இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று யோசித்தான். ஓவியர்கள் வர்ணம் குழைக்கும் பலகையைப் போல, 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள இரண்டு பலகைகளைச் செய்தான். கட்டைவிரல் நுழைய ஓட்டை போட்டுக் கைகளில் மாட்டிக்கொண்டான். வேகம் கூடியது. மணிக்கட்டும் வலித்தது!

பட்டம் இழுத்தது

ஒரு நாள் குளக்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். குளத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு மைல். நீந்த ஆசை வந்தது. பட்டத்தை விடவும் மனம் இல்லை. பட்டக் கயிறு கட்டிய குச்சியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மல்லாந்து படுத்தான். பட்டம் அவனை இழுத்துக்கொண்டு போயிற்று! துணிகளை அக்கரைக்குக் கொண்டுவரும்படி இன்னொரு பையனிடம் கொடுத்துவிட்டு, சிறிதும் களைப்பில்லாமல் குளத்தைக் கடந்தான். இப்படியே இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக்கூடப் போகலாம் என்று பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார் பிராங்க்ளின். ஆனாலும் கப்பலே மேல் என்று சேர்த்துக்கொண்டார். புத்திசாலி!

17 வயதில் அண்ணனிடமிருந்து ஓடிப் பிலடெல்பியா சேர்ந்தார். பிறகு லண்டனுக்குப் போய் அச்சுக்கூடங்களில் வேலை பார்த்தார். 1726-ல் ஒரு நாள், நண்பர்களுடன் படகில் வரும்போது, அவர்கள் கேட்டுக்கொண்டதால் தேம்ஸ் நதியில் குதித்தார். செல்சி அருகிலிருந்து பிளாக்பிரையர்ஸ் வரை, வழியெல்லாம் தண்ணீரின் மேலும் உள்ளும் வித்தைகள் காட்டிக்கொண்டே நீந்தினார். இதைக் கேள்விப்பட்ட சர் வில்லியம் விண்டம் என்ற பிரமுகர், தம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர அழைத்தார். பிராங்க்ளினோ ஊர் திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். லண்டனிலேயே நீச்சல் பள்ளி வைத்திருந்தால் நல்ல பணம் கிடைத்திருக்கும் என்று அவரே நினைத்ததுண்டு.

கால் பிடித்தால்?

பிலடெல்பியாவில் அவர் அச்சுக்கூடம் வைத்தார், பத்திரிகை நடத்தினார், நூலகம் கண்டார். இடிதாங்கி அமைத்தார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நாம் நீச்சலுக்கே வருவோம்.

பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில்தான் கெண்டைக்கால் பிடிப்பதைப் பற்றிச் சொன்னார். உடனே மல்லாந்து படுக்க வேண்டும். பிடித்துக்கொண்ட காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, பலமாக ஓர் உதறு உதற வேண்டும். பிடிப்பு விட்டுவிடும் என்பது அவர் சொன்ன வழி.

இதில் முதல் பாதி பொன்னானது. கால் வலியைவிட ஆபத்தானது பயம். பயந்தவன் கையைக் காலை அடித்துக்கொள்வான், மூச்சு வாங்கும், தண்ணீர் குடிப்பான். மல்லாந்து படுத்தால் மூக்கும் வாயும் மேலே இருக்கும். மூச்சு விடலாம், கை உயர்த்தி உதவி கேட்கலாம்.

மறுபாதியை இன்று கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்கள். களைத்த தசை தானாகவே சுருங்கி, விரிய மறுப்பதுதான் இந்த வலி. அதைச் சட்டென்று வெட்டி இழுக்காமல், மெதுவாக நீட்ட வேண்டும். முழங்காலை நேராக்கி, கால்விரல்களைப் பிடித்து முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். சதையைப் பிடித்துவிடலாம். வலி விட்டதும் கரைக்கு வந்துவிட வேண்டும். உடனே மறுபடி நீந்தினால் மறுபடியும் பிடிக்கக்கூடும்.

இன்னொரு எச்சரிக்கையும் அதே கடிதத்தில் உண்டு. வெயிலில் அறுவடை செய்து களைத்த நான்கு வாலிபர்கள் குளிர்ந்த ஊற்று நீரில் குதித்தார்கள். இருவர் அங்கேயே மாண்டார்கள். ஒருவர் மறுநாள் காலை இறந்தார். நான்காமவர் பிழைத்ததே அரிது. உடல் கொதிக்கும்போது குளிர்ந்த நீரில் குதிக்கக் கூடாது என்பதற்கு இதைச் சொன்னார்.

முட்டை பாடம்

வயதான பிறகு நீச்சல் வருமா என்று தயங்கிய ஒரு நண்பருக்கு அவர் சொன்ன யோசனை விசித்திரமானது. மார்பளவு தண்ணீர் வரை இறங்கிக் கரையைப் பார்த்து நில்லுங்கள். உங்களுக்கும் கரைக்கும் நடுவே ஒரு முட்டையைப் போடுங்கள். மூழ்கி அதை எடுக்கப் பாருங்கள். அப்போது தெரியும், தண்ணீர் நம்மை மூழ்கடிப்பதில்லை, மேலே தள்ளுகிறது என்று! அந்த நம்பிக்கை வந்துவிட்டால் பயம் போய்விடும்.

1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பிராங்க்ளினும் ஒருவர். பிறகு பிரான்சில் தூதராக இருந்தார். 1785-ல் தாயகம் திரும்பும் வழியில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் தங்கினார். வயது 79. சிறுநீர்ப்பைக் கல்லால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அங்கே உப்புநீர் வெந்நீர்க் குளியலுக்குப் போய் மல்லாந்து மிதந்தார். அப்படியே தூங்கிப்போனார்!

விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூழ்கவும் இல்லை, புரளவும் இல்லை.

அங்கிருந்து கப்பலேறிப் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். 1790 ஏப்ரல் 17-ந் தேதி, தம் 84-வது வயதில், அங்கேயே காலமானார்.