யார் இந்த நா.கோவிந்தசாமி? தமிழ் எழுத்து உடையும் சிக்கலோடு அன்றே மல்லுக்கட்டிய சிங்கப்பூர் ஆசிரியர்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு உதிரிபாக கம்பெனி, தன் வெப்சைட்டில் 'வேலை' என்று தமிழில் ஒரு பக்கம் போடுகிறது என வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் பார்த்தாங்க என்று அனலிடிக்ஸைத் திறந்தால், அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறி, எண், ஆங்கில எழுத்து எல்லாம் கலந்து 36 குறிகள் நிற்கலாம். கோட் தப்பாக இருந்தால் இன்னும் மோசம். ஒரே பக்கம் இரண்டு வரியாகப் பிரிந்து, ஒன்று சரியாகவும் இன்னொன்று கட்டங்களாகவும் தெரியும். தமிழ்ப் பக்கத்தை யாரும் பார்க்கலை போல என்று கம்பெனி அதை எடுத்துவிட்டால், நஷ்டம் வேலை தேடி வந்தவருக்குத்தான்.

தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் உடையும் இந்தத் தலைவலியோடு 1990-களிலேயே போராடியவர் நா.கோவிந்தசாமி.

1946-ல் பிறந்தவர். அடிப்படையில் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 1994-ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றார். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவருக்கு கம்ப்யூட்டர் மீது அப்படியொரு ஈடுபாடு! 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழ் இடம்பெறக் காரணமானவர் இவர்தான். 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவரும் இவரே என்பார்கள்.

அப்போ என்னதான் பிரச்சனை?

அன்றைய எழுத்துருக்களில் மொத்தமே 256 இடங்கள். அதில் எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க, அவர் வைத்திருந்த அதே எழுத்துரு உங்களிடமும் இருக்கணும். இல்லைன்னா வெறும் கிறுக்கல்தான். நல்ல எழுத்துரு செய்தால் மட்டும் போதாது, எல்லோரும் ஒரே குறியீட்டுக்கு வரணும். இதற்காகத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு கூடியது. பல நாட்டு வல்லுநர்களை ஒன்று சேர்த்ததில் கோவிந்தசாமியின் பங்கு பெரியது. தொழில்நுட்பத்தைவிட, ஆளுக்கொரு பக்கம் இழுத்தவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததுதான் கஷ்டமான வேலை.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அதே ஆண்டு மே மாதம், 53 வயதில் அவர் காலமானார். தமிழக அரசு யூனிகோடை ஏற்க 2010 ஆகிவிட்டது.

இன்று எல்லோர் கையிலும் அந்த ஒரே குறியீடு இருக்கு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'வேலை'யில் துணைக்குறிகளோடு சேர்த்து நான்கு குறிகள், ஆக 12 பைட். முகவரியில் ஒரு பைட்டை எழுத மூன்று குறிகள் தேவை. அதுதான் அந்த 36. அனலிடிக்ஸ் அதைத் திருப்பி வாசித்தால் தமிழ் வந்துவிடும். வேறு முறையில் வாசித்தால்தான் கிறுக்கல்.

ஒரகடம் கம்பெனி முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று அறிவித்திருக்கிறதா என்பதை. அடுத்து, டிராக்கிங் கோடில் 'எஸ்கேப்' என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை இருந்தால், அதை எடுத்துவிட்டு 'என்கோட் யுஆர்ஐ காம்பொனென்ட்' போடணும். ஆனால் ஏற்கெனவே உடைந்து பதிவான பழைய வரிகள் இதனால் தானாகச் சரியாகாது.