பள்ளிக் கதவை அடைக்க மறுத்த ஜான் ஆண்டர்சன்

ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்த ஒருவரின் வாழ்வை நம் வெள்ளி விழா மலரில் நாம் வரைவதற்குக் காரணம் உண்டு. வகுப்பறையில் எவர் அமரலாம் என்னும் வினா எழுந்தபோது அவர் அளித்த விடையே நம் சங்கத்தின் விடையுமாகும்.

1805ஆம் ஆண்டு பிறந்த ஜான் ஆண்டர்சன், பிரெஸ்பிட்டேரியத் திருச்சபையின் குருவாகி, 1837இல் சென்னை வந்து சேர்ந்தார். பேராயர் எவருமின்றிப் போதகரும் மூப்பரும் கூடி ஆளும் சபை அது. ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்பது அதன் பழங்கொள்கை. அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் 59 மாணவர்களுடன் அவர் பள்ளி தொடங்கினார். ஆங்கிலக் கல்வியை நாடி உயர்சாதியினர் எனப்பட்டோரின் பிள்ளைகள் திரண்டனர்.

1838இல் பறையர் குலச் சிறுவர் சிலர் அங்கே சேர்ந்தனர். அவர்களை நீக்க வேண்டுமென்று மற்றோர் வற்புறுத்தினர். ஆண்டர்சன் இணங்கவில்லை. மாணவர் பலர் விலகினர். பள்ளியே அழியும் நிலை தோன்றியும் அவர் அசையவில்லை. சிறுவர் இருந்தனர், பள்ளியும் நிலைத்தது. 1841இல் மாணவர் சிலர் கிறிஸ்தவம் தழுவியபோது மீண்டும் வகுப்புகள் வெறுமையாயின. மதமாற்றமும் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய மனைவி மார்கரெட் அம்மையார் பெண் கல்விக்குப் பாடுபட்டார். 1855 மார்ச்சில் ஆண்டர்சன் சென்னையிலேயே மறைந்தார்.

அப்பள்ளியே வில்லியம் மில்லரின் உழைப்பால் வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அங்குப் பயின்றவரே.

நம் பழனி மலைக்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு. 1845இல் கொடைக்கானலில் வீடுகள் எழுப்பிய அமெரிக்க மதுரை மிஷனார், 1847இல் தம் ஊழியரிடையே சாதி வேற்றுமை கூடாதென உறுதி செய்தனர். பின்னர் பிரெஸ்பிட்டேரியச் சபையும் அவர்தம் சபையும் 1908இல் ஒன்றாயின. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை மலர்ந்தது.

எனினும் சபைகளுக்குள்ளும் சாதி மாளவில்லை. தனிக் கல்லறைகளை நம்மவர் கண்டுள்ளனர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ, கிறிஸ்தவரான நம்மவரைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. ஆகவே ஆண்டர்சனை நினைத்தல் புகழ்பாடுதல் அன்று. சில சிறுவர்க்காக ஒரு பள்ளியையே இழக்கத் துணிந்த உறுதியை நாமும் பெறுவோமாக.