மூக்கைத் திரும்பப் பெற்ற காவஸ்ஜி



நம்ம ஊர்ப் பக்கம் ஒருத்தர் அவமானப்பட்டுத் திரும்பினால், மூக்கறுபட்டு வந்துட்டார் என்று சொல்வார்கள். இன்றைக்கு அது வெறும் பேச்சு. ஆனால் ஒரு காலத்தில் உண்மையாகவே மூக்கை அறுத்தார்கள்!

திருமலை நாயக்கர் மகாலை நாம் எல்லாரும் சுற்றிப் பார்த்திருப்போம். அந்தத் திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், 1656-ஐ ஒட்டி, மைசூர் மன்னர் கந்தீரவ நரசராஜாவின் படை மதுரை நாட்டுக்குள் புகுந்தது. கையில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. ராமநாதபுரம் சேதுபதி உதவிக்கு வந்த பிறகுதான் அந்தப் படை பின்வாங்கியது. பதிலுக்கு மதுரைப் படையும் மைசூர் நாட்டுக்குள் போய் அதே கொடுமையைச் செய்தது. வரலாற்றில் இதற்குப் பெயரே மூக்கறுப்புப் போர்.

உயிரை விட்டுவிட்டு மூக்கை மட்டும் ஏன் எடுத்தார்கள்? முகத்தின் நடுவில் இருப்பது மூக்கு. அது போய்விட்டால் ஒளிக்க முடியாது. சந்தைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். ஒரு மனுஷனை உயிரோடு வைத்தே தலைகுனிய வைக்கிற தண்டனை அது.

அப்படித் தலைகுனிய வைக்கப்பட்ட ஒருவர், மறுபடியும் தலைநிமிர்ந்த கதைதான் இது. அவர் ராஜா இல்லை, தளபதியும் இல்லை. மாடு ஓட்டிய ஒரு சாதாரண ஆள். பெயர் காவஸ்ஜி. பிளாஸ்டிக் சர்ஜரியின் வரலாறு எழுதுகிறவர்கள் இவரைச் சொல்லாமல் எழுதுவதில்லை.

யார் இந்தக் காவஸ்ஜி?

காவஸ்ஜி மராட்டிய நாட்டுக்காரர். ஆங்கிலேயக் கம்பெனிப் படையில் காளை ஓட்டியாக இருந்தார். அந்தக் காலத்தில் லாரி ஏது? பீரங்கி இழுப்பதும் அரிசி மூட்டை சுமப்பதும் காளைகள்தான். ஆயிரக்கணக்கான காளைகள் இல்லாமல் படை ஒரு அடி நகராது.

1790 முதல் 1792 வரை திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் மூன்றாம் மைசூர்ப் போர் நடந்தது. (நம்ம பக்கத்துத் திண்டுக்கல் ஆங்கிலேயர் கைக்குப் போனது இந்தப் போரின் முடிவில்தான்.) 1792-ல் காவஸ்ஜி திப்புவின் படையிடம் சிறைபட்டார். எதிரிக்கு வேலை செய்ததற்குத் தண்டனையாக அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். சண்டை போட்டவர்கள் பெரிய இடத்துக்காரர்கள். மூக்கை இழந்தவரோ மாடு ஓட்டிய ஏழை!

ஒரு வருடத்துக்கும் மேல் காவஸ்ஜி மூக்கில்லாமலே வாழ்ந்தார். பிறகு பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் போனார். அவர் கோட்டு போட்ட டாக்டர் இல்லை. செங்கல் அறுக்கும் சமூகத்தைச் சேர்ந்தவர். மூக்கு வைக்கும் வித்தையை அறிந்தவர்.

மூக்கு எப்படி வந்தது?

முதலில் மெழுகைத் தகடு மாதிரி தட்டி, மூக்கு இருந்த இடத்தில் வைத்து அளவு எடுத்தார். அந்த மெழுகை விரித்து நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு போட்டார். கோட்டின் வழியே நெற்றித் தோலை உரித்து எடுத்தார். ஆனால் முழுவதும் வெட்டிவிடவில்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சிறு துண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும்படி விட்டார். பிறகு பழைய காயத்தின் ஓரத்தைச் சீவிப் புதிதாக்கி, நெற்றித் தோலைத் திருப்பிக் கீழே இறக்கி அங்கே பொருத்தினார்.

அந்தச் சிறு துண்டை ஏன் விட்டார்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம்ம ஊர் மல்லிகைத் தோட்டத்தில் பதியன் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைப்பார்கள். வேர் பிடித்த பிறகுதான் வெட்டுவார்கள். இதுவும் அதே மாதிரிதான். அந்தத் துண்டு வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும், தோல் சாகாது. புது இடத்தில் ஒட்டி, அங்கேயே ரத்தம் ஓடத் தொடங்கியதும், சுமார் 25-ஆம் நாள் அந்தத் துண்டை அறுத்துவிடுவார்கள்.

மருந்து என்ன தெரியுமா? தாத்தா பாட்டி வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி! அதைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி, ஐந்தாறு துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினார்கள். நாலு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள் மூக்குத் துவாரம் மூடிவிடாமல் இருக்க மெல்லிய துணியைச் சுருட்டி உள்ளே வைத்தார்கள். மயக்க மருந்து கிடையாது! மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சையை உலகம் நம்பத் தொடங்கியதே 1846-க்குப் பிறகுதான். அப்படியானால் காவஸ்ஜி எவ்வளவு வலியைத் தாங்கியிருப்பார்!

லண்டன் போன படம்

இந்த வகைச் சிகிச்சையை தாமஸ் க்ரூஸோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் நேரில் பார்த்து வியந்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் காவஸ்ஜியைப் படமாக வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் செய்தியும் படமும் வந்தன.

அதைத் தெரிந்துகொண்ட லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, இந்தியாவில் இருந்தவர்களிடம் விசாரித்தார். இறந்த உடல்களில் செய்து பார்த்துப் பழகினார். அவசரப்படவில்லை. சுமார் 20 வருடம் கழித்து, 1814 அக்டோபர் 23 அன்று ஒரு ராணுவ அதிகாரிக்குச் செய்து வெற்றி பெற்றார். 1816-ல் இரண்டு வெற்றிகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அப்புறம் இந்த முறை ஐரோப்பா முழுக்கப் பரவியது.

நம் நாட்டில் இந்த அறிவு இன்னும் பழமையானது. சுஸ்ருத சம்ஹிதையில் இலையால் அளவெடுத்து, கன்னத் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது.

இன்றைக்கு

உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். மேல்பாதி கெட்டியாக இருக்கிறதா? அது எலும்பு. கீழ்ப்பாதி வளைகிறதா? அது குருத்தெலும்பு. விபத்திலும் புற்றுநோயிலும் மூக்கை இழந்தவர்களுக்கு இன்றும் நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைக்கிறார்கள். உள்ளே தாங்கி நிற்கக் காது அல்லது விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பை எடுத்து வைக்கிறார்கள். நம்ம மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. பிளாஸ்டிக் என்றதும் பக்கெட், குடம் ஞாபகம் வேண்டாம். கிரேக்க மொழியில் உருவாக்குதல், வனைதல் என்று அர்த்தம் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அழகுக்காக மூக்கைத் திருத்திக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் அதுவும் அறுவை சிகிச்சைதான். ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, மூச்சு அடைப்பு போன்ற ஆபத்துகள் அதிலும் இருக்கின்றன. வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். நம்ம வயதில் மூக்கு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் வளர்ச்சி முடியும்வரை பெரும்பாலும் மருத்துவர்களே பொறுத்திருக்கச் சொல்வார்கள்.

நண்பர்களே! காவஸ்ஜியின் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு முகம் கொடுத்த அந்தச் செங்கல் தொழிலாளியின் பெயரை லண்டன் பத்திரிகை அச்சிடவில்லை. அவர் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்காதவர். ஆனால் படித்த டாக்டர்கள் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். தொழிலை வைத்து ஒருவரின் அறிவை எடை போடாதீர்கள்!

இன்னொன்று. வகுப்பில் சப்பை மூக்கு, கிளி மூக்கு, குடைமிளகாய் மூக்கு என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமே, அதுவும் ஒரு மூக்கறுப்புதான். கத்தி இல்லை, அவ்வளவுதான். ராஜாக்கள் விட்டுவிட்ட பழக்கத்தை நாமும் விட்டுவிடுவோம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு